மௌனம் சம்மதம் ஆகாது

2009 ஜூலையில், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில், 10 முதல் 14 வயது வரையுள்ள சுமார் 14,000 சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியைப் போடும் திட்டம் தொடங்கியது. அடுத்த மாதம் குஜராத்தின் வடோதராவில் மேலும் 10,000 பேர் அளவில் சேர்க்கப்பட்டார்கள். அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட ‘பாத்’ என்னும் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடனும் (ஐ.சி.எம்.ஆர்.) இரு மாநில அரசுகளுடனும் சேர்ந்து நடத்திய திட்டம் அது. கம்மத்துச் சிறுமிகளில் பலர் பழங்குடியினர். வீட்டை விட்டு வந்து விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி பரவியதும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு முடிவு செய்தது. தடுப்பூசி மீதும் குறை சொல்வதற்கில்லை. உலகெங்கும் பெண்களைக் காத்துவரும் ஊசி அது.

குறை இருந்தது காகிதங்களில். ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948 படிவங்களில் வெறும் கைநாட்டு இருந்தது. 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் விடுதிக் காப்பாளர்கள். 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தன் 72ஆவது அறிக்கையில் இதைக் கடுமையாகக் கண்டித்தது. பிள்ளைக்குச் சோறு போடுகிறவர், இரவில் கதவைப் பூட்டுகிறவர், தவறு செய்தால் தண்டிக்கிறவர் ஆகிய அதே ஆள், அவள் உடல் மீதான ஆய்வுக்கும் அனுமதி கொடுத்திருக்கிறார். அதன்பின் நடந்த விவாதம் பெரும்பாலும் பெற்றோர் கையெழுத்து எங்கே என்பதைச் சுற்றியே நின்றது. கையை நீட்டியவள் 12 வயதுப் பெண். அவளிடம் யாராவது கேட்டார்களா என்பது பின்னுக்குப் போய்விட்டது.

அந்தக் கேள்வியைத்தான் இங்கே முன்னால் வைக்கிறேன். ஆய்வில் பங்கேற்க ஒப்புக்கொள்ளும் உரிமையைச் சட்டம் சிலருக்குத் தருவதில்லை. 18 வயது நிரம்பாத பிள்ளைகள், அறிவுசார் மாற்றுத்திறன் உள்ளவர்களில் சிலர், மறதி நோய் முற்றிய முதியவர்கள், கடுமையான மனநோயின் பிடியில் இருப்பவர்கள் ஆகியோருக்காக வேறொருவர் கையெழுத்திடுகிறார். அந்தக் கையெழுத்தை ஒப்புதல் என்போம். கையெழுத்திடத் தகுதியற்றவர் என்று சட்டம் ஒதுக்கிய அந்த ஆளிடமே தனியாகக் கேட்டுப் பெறும் உடன்பாட்டை இசைவு என்போம். ஆராய்ச்சி நெறிமுறைகளில் இசைவுக்கு இன்று ஓர் இடம் உண்டு. ஆனால் பெரும்பாலான இடங்களில் அது இரண்டாவது கையெழுத்தாகச் சுருங்கிவிட்டது என்பது என் கருத்து. ‘வேண்டாம்’ என்று அந்த ஆள் சொன்னால் ஆய்வு உண்மையிலேயே நிற்குமா? நிற்காது என்றால் அங்கே இசைவு என்று எதுவும் பெறப்படவில்லை.

பிள்ளைகள் மீது நடந்த ஆய்வுகளின் வரலாறு நீண்டது. 1796இல் எட்வர்ட் ஜென்னர் தன் அம்மைத் தடுப்பு முறையைச் சோதித்தது எட்டு வயதான ஒரு தோட்டக்காரர் மகனிடம். 1947இல், நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் முடிவில் பிறந்த நியூரம்பர்க் நெறிமுறை, மனிதர்கள் மீதான எந்தச் சோதனைக்கும் அவரவரின் தன்விருப்பமான ஒப்புதல் கட்டாயம் என்றது; ஒப்புதல் தரும் சட்டத் தகுதியும் அவருக்கு இருக்க வேண்டும் என்றது. எழுத்தெண்ணிப் படித்தால், குழந்தைகள் மீதான ஆய்வே கூடாது என்று அதற்குப் பொருள். நடைமுறையில் யாரும் அப்படிப் படிக்கவில்லை. பெற்றோர் சரி என்றால் போதும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பெற்றோரின் ‘சரி’ எவ்வளவு தூரம் வளைக்கப்படக் கூடியது என்பதை வில்லோபுரூக் காட்டியது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில், அறிவுசார் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்காக அரசு நடத்திய விடுதி அது. சுமார் 4,000 பேருக்கென்று கட்டிய இடத்தில் 1960களில் 6,000 பேருக்கு மேல் அடைபட்டிருந்தார்கள். கழிவும் நெரிசலும் சேர்ந்து, அங்கே மஞ்சள் காமாலை ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. 1950களின் நடுவிலிருந்து மருத்துவர் சால் குருக்மன் தலைமையிலான குழு, புதிதாக வந்த பிள்ளைகளைத் தனி வார்டில் வைத்து, கல்லீரல் அழற்சிக் கிருமியை வேண்டுமென்றே கொடுத்து ஆராய்ந்தது. எப்படியும் இங்கே இவர்களுக்கு அந்த நோய் வரத்தான் போகிறது, எங்கள் வார்டில் வந்தால் நல்ல கவனிப்பாவது கிடைக்கும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதலும் இருந்தது. ஆனால் 1964இல் நெரிசல் காரணமாக விடுதியில் புதிய சேர்க்கை நிறுத்தப்பட்டபோதும் ஆய்வு வார்டில் மட்டும் இடம் இருந்தது. பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் தவித்த தாய் தகப்பன் முன்னால் அந்தப் படிவம் நீட்டப்பட்டால், அதில் எவ்வளவு விருப்பம் இருக்க முடியும்?

1966இல் ஹென்றி பீச்சர் என்ற ஹார்வர்டு மருத்துவர், நெறி பிறழ்ந்த 22 ஆய்வுகளைத் தொகுத்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் வில்லோபுரூக்கும் இருந்தது. விடுதியை 1987இல் இழுத்து மூடினார்கள். அந்த ஆய்வுகளால் அறிவியலுக்குப் பயனே இல்லை என்று சொல்ல முடியாது. இருவகைக் கல்லீரல் அழற்சியைப் பிரித்தறிந்ததற்கும், பி வகைத் தடுப்பூசியை நோக்கிய முதல் அடிகளுக்கும் அவை உதவின. இதை மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை. பயன் கிடைத்தது என்பதால் அந்தப் பிள்ளைகளுக்கு நேர்ந்தது சரியாகிவிடாது. அவர்களில் பலரால் பேச முடியாது. அவர்கள் அழுததும், முகத்தைத் திருப்பியதும் எந்தப் பதிவேட்டிலும் மறுப்பாக எழுதப்பட்டிருக்காது. மறுப்பு என்ற ஒரு கட்டமே அந்நாளில் கிடையாது.

அந்தக் கட்டம் பிறக்க 1970கள் ஆக வேண்டியிருந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் 1974இல் அமைத்த தேசிய ஆணையம், குழந்தைகள் பற்றிய தன் 1977 அறிக்கையில், ஏழு வயதிலிருந்து பிள்ளைகளின் இசைவையும் பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1983இல் வந்த அமெரிக்க விதிமுறை இசைவை வரையறுத்தபோது ஒரு வாசகத்தைச் சேர்த்தது: பிள்ளை எதிர்ப்புச் சொல்லாமல் இருப்பதை மட்டும் வைத்து இசைந்ததாகக் கொள்ளக் கூடாது, இசைவு வெளிப்படையாகத் தெரிவிக்கப்பட வேண்டும். இந்தத் துறையில் எழுதப்பட்ட சட்ட வாசகங்களில் இதுவே மிக முக்கியமானது என்பேன். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று பழகிப்போன நமக்கு இது இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதே ஆண்டு, மனிதர்கள் மீதான மருத்துவ ஆய்வுக்கு நெறி வகுக்கும் ஹெல்சிங்கி அறிக்கையின் திருத்தமும், பிள்ளை தன் ஒப்புதலைத் தெரிவிக்கக்கூடிய நிலையில் இருந்தால் பாதுகாவலர் ஒப்புதலோடு அதையும் பெற வேண்டும் என்று சேர்த்துக்கொண்டது.

இவ்வளவு சிக்கல் எதற்கு, இவர்களை ஆய்விலிருந்து முழுக்க விலக்கிவிடலாமே என்று தோன்றலாம். விலக்கினாலும் அவர்கள்தான் சாகிறார்கள். 1950களில், பிறந்த சிசுக்களின் கிருமித் தொற்றுக்குக் குளோராம்பெனிகால் என்ற மருந்தைத் தாராளமாகக் கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு நன்றாக வேலை செய்த மருந்து. சிசுவின் கல்லீரலோ அதைச் சிதைத்து வெளியேற்றும் அளவுக்கு முதிர்ந்திருக்காது. மருந்து உடலில் தேங்கி, வயிறு உப்பி, உடல் சாம்பல் நிறமாகிக் குழந்தைகள் இறந்தார்கள். 1959இல்தான் காரணம் புலப்பட்டது. பெரியவர்களின் அளவை எடை பார்த்துக் குறைத்துக் கொடுத்தால் போதும் என்ற அனுமானம் அத்தனை உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஆய்வு செய்யாமல் மருந்து கொடுப்பதும் ஒரு சோதனைதான். குறிப்பேடு இல்லாத, யாரும் பொறுப்பேற்காத சோதனை. மறதி நோய்க்கான மருந்தை, மறதி நோய் உள்ளவர்களை விட்டுவிட்டு எப்படி ஆராய்வது? ஆகவே அவர்களைச் சேர்க்கத்தான் வேண்டும். எப்படிக் கேட்டுச் சேர்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தியாவில் விதி தெளிவாகவே இருக்கிறது. ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 7 முதல் 11 வயது வரை வாய்மொழி இசைவு. 12இலிருந்து 18 வரை எழுத்துமூல இசைவு. ஆய்வு நடக்கும்போதே பிள்ளைக்கு 18 ஆகிவிட்டால் அவரிடமே புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும். வயதுக் கோடு ஒரு வசதிக்காகப் போடப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. நெதர்லாந்தில் இர்மா ஹைன் குழுவினர் 6 முதல் 18 வயது வரையுள்ள 161 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. ஆய்வில் சேர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் திறன் 11.2 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பொதுவாக இருந்தது. அதாவது நாம் இன்னும் ஏழு ஆண்டுகளுக்குக் குழந்தை என்று அழைக்கும் ஒருவர், கேட்ட விஷயத்தைப் புரிந்துகொண்டு முடிவெடுக்கக் கூடியவர்.

வயதைவிட அனுபவம் அதிகம் கற்றுக்கொடுக்கிறது என்பதற்கு மைரா புளூபாண்ட் லாங்னரின் ஆய்வைச் சொல்வேன். 1970களில் ரத்தப் புற்றுநோயுள்ள சிறு பிள்ளைகளோடு மருத்துவமனையில் பழகி அவர் எழுதிய நூல் 1978இல் வெளிவந்தது. பெரியவர்கள் ஒன்றும் சொல்லாமல் மறைத்திருந்தார்கள். ஆனால் மருந்துகளின் பெயர், அவை எதற்கு, எந்த ஊசி எவ்வளவு வலிக்கும், கடைசியில் தாங்கள் இறக்கப்போகிறோம் என்பது வரை பிள்ளைகள் அறிந்திருந்தார்கள். பெற்றோர் வருந்துவார்கள் என்று தங்களுக்குத் தெரிந்ததை அவர்கள் மறைத்தார்கள். இரண்டு பக்கமும் நடிப்பு. பலமுறை ஊசி குத்தப்பட்ட ஓர் எட்டு வயதுப் பிள்ளைக்கு, இன்னொரு குத்து என்றால் என்ன என்பது, படிவத்தை எழுதியவரைவிட நன்றாகத் தெரியும்.

தெரிந்திருப்பது ஒன்று, சொல்ல முடிவது இன்னொன்று. நம் ஊர்ப் பள்ளியில் தலைமை ஆசிரியர் வகுப்புக்குள் வந்து, “டாக்டர் சார் வந்திருக்கார், எல்லாரும் வரிசையா வாங்க” என்றால் எந்தப் பிள்ளை உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும்? பெரியவர்கள் சொல்வதற்கு மறுபேச்சுப் பேசாத பிள்ளையைத்தான் நல்ல பிள்ளை என்று பாராட்டி வளர்க்கிறோம். அப்படி வளர்ந்த பிள்ளை முன்னால் படிவத்தை நீட்டி, “உனக்குச் சம்மதம்தானே?” என்று கேட்டால், அது பதில் சொல்லுவது கேள்விக்கு அல்ல, கேட்டவரின் முகத்துக்கு. அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேட்பதும் இதே கதைதான். படிவத்தின் மொழியை எளிமையாக்கினால் இந்தச் சிக்கல் தீராது. படம் போட்ட கையேடுகள் அழகாக இருக்கின்றன. வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு அவற்றால் தைரியம் வருவதில்லை.

அதற்குக் கேட்கும் முறையை மாற்ற வேண்டும். வைத்தியம் பார்க்கும் மருத்துவரும் வகுப்பு ஆசிரியரும் கேட்கக் கூடாது; பிள்ளைக்கு அவர்களிடம் ஆகவேண்டிய காரியம் இருக்கிறது. பிள்ளையோடு கொஞ்ச நேரம் பேசிப் பழகிய வேறொருவர் கேட்க வேண்டும். எத்தனை ஊசி, எத்தனை சொட்டு ரத்தம், எவ்வளவு நேரம், எந்த நாளில் விளையாட்டு வகுப்பு போகும் என்று சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு அற்பமாகத் தெரியும் இந்தத் தகவல்களைத்தான் பிள்ளை எடைபோடும். பிறகு, “நான் சொன்னதை நீ எனக்குச் சொல்லு பாப்போம்” என்று திருப்பிக் கேட்டால், புரிந்ததும் புரியாததும் தெரிந்துவிடும். இன்றே பதில் வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போவது இன்னும் நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேண்டாம் என்றால் யாரிடம், எந்தச் சொல்லால் சொல்லலாம் என்பதைப் பிள்ளைக்குக் கற்றுத்தர வேண்டும். “இப்ப வேணாம் அக்கா” என்று சொன்னால் அந்த அக்கா கையை எடுத்துவிடுவார் என்பதை ஒருமுறை நேரில் கண்ட பிள்ளைக்கு மட்டுமே அடுத்த முறை அவர் கேட்கும் கேள்வியில் நம்பிக்கை வரும்.

இன்னொரு நேர்மையும் வேண்டும். சில ஆய்வுகளில் பிள்ளை உயிர்பிழைக்கும் வாய்ப்பு அந்த ஆய்வுக்குள் மட்டுமே கிடைக்கும் சிகிச்சையில் இருக்கலாம். அத்தகைய இடங்களில் பிள்ளையின் மறுப்பை மீறிப் பெற்றோர் முடிவெடுக்க விதிகள் இடம் தருகின்றன. அது தவறில்லை. ஆனால் அங்கே போய், சம்மதமா என்று கேட்டுவிட்டு, முடியாது என்றதும் ஆளைப் பிடித்து ஊசி போடுவது துரோகம். கேட்காமல் இருக்கலாம், என்ன நடக்கப்போகிறது என்று உண்மையைச் சொல்லி, எந்தக் கையில் ஊசி, அம்மா பக்கத்தில் இருக்கலாமா என்பதை மட்டும் அதன் விருப்பத்துக்கு விடலாம். பதிலை மதிக்க உத்தேசமில்லாத கேள்வியைப் பிள்ளையிடம் கேட்காதே என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1995லேயே எச்சரித்திருக்கிறது.

புதிய மருந்துகளின் சோதனையில், எளிதில் பாதிப்புக்கு உள்ளாகும் நிலையில் இருப்பவர்களின் ஒப்புதலைக் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று 2015இல் இந்தியா விதி கொண்டுவந்தது. மோசடியைத் தடுக்க இது உதவும். ஆனால் கேமராவின் முன்னால் உட்காரவைக்கப்பட்ட பிள்ளை இன்னும் வேகமாகத் தலையாட்டும். பதிவு நிறுவனத்தைக் காப்பாற்றும் அளவுக்குப் பிள்ளையைக் காப்பாற்றாது.

பெரியவர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. பிள்ளை என்றாவது வளர்ந்து, எனக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கும். மறதி நோய் முற்றியவர் கேட்கப் போவதில்லை. அவருக்குக் காலையில் தெளிவு இருக்கும், மாலையில் குழப்பம் கூடும். சென்ற வாரம் சிரித்துக்கொண்டே கையை நீட்டியவர் இந்த வாரம் ரத்த அழுத்தப் பட்டையைப் பிடுங்கி எறிவார். ஆகவே இவர்களிடம் இசைவு என்பது ஆய்வின் முதல் நாளில் வாங்கிக் கோப்பில் வைக்கும் தாளாக இருக்க முடியாது. ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். வாயால் சொல்லாதபோது உடல் சொல்வதைக் கவனிக்க வேண்டும். உதட்டை இறுக்குவது, கையை இழுத்துக்கொள்வது, எழுந்து வாசலை நோக்கிப் போவது எல்லாம் பதில்கள். அவற்றைச் சரியாகப் படிக்கக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ மருமகளுக்கோ தெரியும். வெள்ளை அங்கி போட்டவருக்குத் தெரியாது. இங்கிலாந்தின் 2005 மனத்திறன் சட்டம் இதைச் சட்டமாகவே எழுதியிருக்கிறது. அந்த நபர் மறுப்பதாகத் தோன்றும் எதையும், அது அவரைக் காக்கவோ அவர் வலியைக் குறைக்கவோ செய்வதாக இருந்தால் ஒழிய, செய்யக் கூடாது. அறிவியலின் நலனைவிடவும் சமூகத்தின் நலனைவிடவும் அவர் நலனே பெரிது என்றும் அச்சட்டம் சொல்கிறது.

நம் சட்டங்கள் இங்கே ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 99ஆவது பிரிவு, ஒப்புதல் தர இயலாத, ஆனால் ஆய்வை எதிர்க்காத ஒருவரை, மாநில மனநல ஆணையத்தின் அனுமதியோடும் அவருடைய நியமனப் பிரதிநிதியின் ஒப்புதலோடும் சேர்க்கலாம் என்கிறது. அனுமதிக்கான நிபந்தனைகள் நல்லவை: ஒப்புதல் தரக்கூடியவர்களிடம் அந்த ஆய்வைச் செய்ய முடியாது என்று காட்ட வேண்டும், அவரைப் போன்றவர்களின் மனநலத்துக்கு அது அவசியம் என்று காட்ட வேண்டும். ஆனாலும் ‘எதிர்க்காதவர்’ என்ற அளவுகோல் மிகத் தாழ்ந்தது. பல ஆண்டுகள் காப்பகத்தில் இருந்து, எதிர்த்தால் என்ன நடக்கும் என்று கற்றுக்கொண்டவர் எதிர்க்க மாட்டார். வலுவான மருந்துகளின் தளர்ச்சியில் இருப்பவரும் எதிர்க்க மாட்டார். குழந்தைகள் விஷயத்தில் போதாது என்று 1983லேயே ஒதுக்கப்பட்ட அளவுகோலை, 34 ஆண்டுகள் கழித்துப் பெரியவர்களுக்கு வைத்திருக்கிறோம்.

இதற்கு ஓராண்டு முன்னால் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தன் ஆறாவது பிரிவில், மாற்றுத்திறன் உள்ள எவரையும் அவருக்கு எட்டும் வழியில் விளக்கிப் பெற்ற அவருடைய சொந்த ஒப்புதல் இல்லாமல் ஆய்வுக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. பிறர் தரும் ஒப்புதலைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. கூடவே ஒரு குழுவின் முன்அனுமதியும் வேண்டும். அதன் உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாதவர்கள் மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களுக்கான பதிவுபெற்ற அமைப்புகளைச் சேர்ந்தவர்களாகவோ இருக்க வேண்டும். மனநோயும் அச்சட்டத்தின் பட்டியலில் உள்ள மாற்றுத்திறன்தான். ஆக, ஒரே மனிதர் ஒரு சட்டத்தின்படி ஆய்வில் சேர்க்கப்படலாம், இன்னொன்றின்படி சேர்க்கப்படக் கூடாது. 2016 சட்டத்தை எழுத்துப்படி பிடித்தால், பேச்சே இல்லாதவர்களுக்கான சிகிச்சையை ஆராயவே முடியாமல் போகும். குளோராம்பெனிகால் கதை அவர்களுக்குத் திரும்பும். 2017 சட்டத்தை எழுத்துப்படி பிடித்தால், அடங்கிப்போனவர்கள் எல்லாரும் இசைந்தவர்களாக எண்ணப்படுவார்கள். இரண்டிலிருந்தும் நல்லதை எடுக்கலாம்: பாதிப் பேராவது அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்களாக இருக்கும் குழு, பிரதிநிதியின் ஒப்புதல், அதோடு, எதிர்க்காமை போதாது, இசைவின் வெளிப்படையான அடையாளம் வேண்டும் என்ற நிபந்தனை. நாடாளுமன்றம் ஒரு திருத்தத்தில் இதைச் செய்துவிடலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவ ஆய்வு நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் நெறிமுறைக் குழு ஒன்றை வைத்திருக்க வேண்டும். அதில் மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. வழக்கறிஞராக, ஆசிரியராக, ஓய்வுபெற்ற அலுவலராக அந்த நாற்காலியில் உட்காரும் வாய்ப்பு இதைப் படிக்கும் சிலருக்கும் வரலாம். வந்தால், ஆய்வாளரிடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை பிள்ளைகள் மறுத்தார்கள், எத்தனை முதியவர்களின் பரிசோதனை பாதியில் நிறுத்தப்பட்டது என்ற கணக்கையும் ஆண்டறிக்கையில் கேளுங்கள். நூறு பேரிடம் கேட்டு நூறு பேரும் சரி என்றார்கள் என்றால், கேட்ட முறையை விசாரியுங்கள். பெற்றோராக உங்கள் முன்னால் படிவம் வந்தால், பேனாவை எடுப்பதற்கு முன், பிள்ளையிடம் கேட்கப் போகிறவர் யார், பிள்ளை வேண்டாம் என்றால் அவர் என்ன செய்வார் என்று கேளுங்கள். அதற்கு நேரான பதில் கிடைக்காவிட்டால் கையெழுத்திடாதீர்கள்.